குடிதண்ணீர்: ஆற்று வீட்டுக்கு ஒன்று, உப்புக் கிணற்று வீட்டுக்கு வேறொன்று

திருநெல்வேலிப் பக்கம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறவர்கள் இப்போதெல்லாம் ஆர்.ஓ. என்கிற தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தை யோசித்து வாங்குவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போல, சமையலறைச் சுவருக்கு அது என்று ஆகிவிட்டது. மின்விசிறி எங்கே மாட்டுவது என்று அரைநாள் விவாதிக்கிற குடும்பம்கூட இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்பது என் கட்சி: உங்கள் வீட்டுத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டியது உப்பா, கிருமியா, கலங்கலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எங்கள் குடும்பத்திலேயே இந்த ஆண்டு இரண்டு பால்காய்ப்பு. ஒன்று பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அக்காள் வீடு. மாநகராட்சிக் குழாய் இருக்கிறது. மற்றொன்று திசையன்விளைப் பக்கம் சித்தப்பா மகன் வீடு. அங்கே கூட்டுக்குடிநீர் எட்டிப் பார்ப்பது அபூர்வம். ஆழ்துளைக் கிணறுதான் கதி. இரண்டு வீட்டாரும் ஒரே வகை ஆர்.ஓ. எந்திரத்துக்கு விலை விசாரித்துவிட்டு, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கேன் தண்ணீர், கொதிக்கவைத்த தண்ணீர், யூ.வி. எந்திரம், பழைய கேண்டில் ஃபில்டர், மழைத்தண்ணீர் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பணம் ஒரு பக்கம். வீணாகும் தண்ணீர், எரியும் எரிவாயு, குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட்டேன்.

முதலில் அக்காள் வீடு. மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிற ஆறு. மொத்தமே 130 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஓட்டம். கொண்டாநகரம், சுத்தமல்லி, மணப்படைவீடு போன்ற இடங்களில் ஆற்றுமணலுக்குள் உறைகிணறு இறக்கி, ஊறி வருகிற தண்ணீரை எடுக்கிறார்கள். மலைப்பாறையில் ஓடி வரும் தண்ணீரில் கரைவதற்கு அதிக உப்பு இல்லை. பருப்பு சீக்கிரம் வேகும்; சோப்பு நன்றாக நுரைக்கும். உப்பு விஷயத்தில் இந்த ஆற்றுக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

கிருமி விஷயம் வேறு. மாநகருக்குள் சாக்கடை ஆற்றில் கலப்பதைச் சுலோசன முதலியார் பாலத்திலிருந்து எட்டிப் பார்க்கிற எவரும் அறிவார்கள். வயலில் அடிக்கும் மருந்தும் கொஞ்சம் வந்து சேரத்தான் செய்யும். ஆக, இந்தத் தண்ணீருக்குத் தேவையானது கிருமிநீக்கமும் வடிகட்டலும். உப்புநீக்கம் அல்ல.

ஆர்.ஓ. எந்திரம் அடிப்படையில் உப்பு நீக்குகிற சாதனம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் இருப்பதும் இதே தத்துவம்தான். கிருமியையும் அது தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக அதை வாங்குவது வாசலில் உட்கார்ந்த ஈயை விரட்ட வீட்டையே வெள்ளையடிப்பது போன்றது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல தண்ணீர். வேறு வழியில்லாத ஊரில் 2000 வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தைத் தடை செய்ய விதி கொண்டுவருமாறு 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதும் இதனால்தான். அக்காள் வீட்டுக் குழாயில் மீட்டரை வைத்தபோது 150-ஐ ஒட்டித்தான் காட்டியது.

இந்த மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேனா அளவு. ஆர்.ஓ. வாங்குமுன் இதை ஒன்று வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் இரவல் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பல வீடுகளில் மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே மாடித் தொட்டியில் கலக்கின்றன. சமையலறைக் குழாயில் அளந்துவிட்டு 'எங்கள் ஏரியாத் தண்ணீர் உப்பு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். தெருக் குழாயிலிருந்து நேராக வருகிற இணைப்பில் அளந்து பாருங்கள். அந்த நேர் இணைப்பிலிருந்து ஒரு குழாயைச் சமையலறைக்கு இழுக்க பிளம்பருக்கு அரைநாள் வேலை. பாதி வீடுகளில் ஆர்.ஓ. தேவையே அதோடு தீர்ந்துவிடும். இன்னொன்று, இந்த மீட்டருக்கு உப்பு மட்டுமே தெரியும். கிருமி தெரியாது. 50 காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு ஒளிந்திருக்கலாம்.

விற்பனைப் பிரதிநிதி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மரியாதையான தம்பி. மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர் வைத்தார்: ஒன்றில் அக்காள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் தொங்கும் ஒரு சிறு கருவியை மூழ்கவைத்து, பிளக்கைச் சொருகினார். ஒரு நிமிடத்துக்குள் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே பச்சை கலந்த நுரை கட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே நின்றது. 'இதைத்தான் அம்மா இத்தனை நாள் குடிக்கிறீர்கள்' என்றார். அக்காளுக்கு முகம் செத்துவிட்டது.

நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை தூள் உப்பு எடுத்துவந்து அவருடைய ஆர்.ஓ. தம்ளரில் போட்டுக் கலக்கி, மறுபடி சொருகச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைவிடக் கறுப்பாக வந்தது. விஷயம் இவ்வளவுதான்: அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு. உப்பு கொஞ்சம் கரைந்திருந்தால் தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்புக் கம்பி அரித்துக் கரையும். பழுப்பு நிறம் அந்தக் கம்பியின் துரு. தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. இளநீரை வைத்தாலும் இதே கதிதான், அதற்காக இளநீரை யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. கம்பெனியில் இப்படித்தான் காட்டச் சொல்கிறார்கள் என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாதத்துக்கு இத்தனை விற்றாக வேண்டும் என்ற கெடு அவர் தலைமேல். அக்காள் காபி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

சரி, வாங்கினால் என்ன நட்டம்? வீட்டு ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் தள்ளுவது சாதாரணம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 10 லிட்டர் என்றால் 30 லிட்டர் வெளியே போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர், ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். தாமிரபரணிப் பாசனம் 86,000 ஏக்கர். அந்தக் கணக்கின் முன் ஒரு வீட்டின் லாரித் தண்ணீர் தூசு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆறு வற்றுவதற்கு அடுக்களை எந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகும்போது, தொட்டியில் மிச்சமிருப்பதில் 30 லிட்டரைத் தேவையில்லாமல் சாக்கடைக்கு அனுப்புவது அந்த வீட்டுக்கே வலிக்கும்.

கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாமே என்பார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. 150 டி.டி.எஸ். தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் கழிவு சுமார் 200ஆக வரும். முருங்கைக்கும் வாழைக்கும் தாராளமாக ஊற்றலாம். அதாவது, அது இன்னும் குடிநீர்த் தரத்தில் இருக்கிற தண்ணீர். அதைத்தான் கழிவு என்று வெளியே விடுகிறோம். சித்தப்பா மகன் தம்பியின் திசையன்விளைக் கிணறு 1800 காட்டியது, அங்கே ஆர்.ஓ. வைத்தால் கழிவு 2400 வரும். அதைத் தோட்டத்தில் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்புப் பூத்துவிடும். பாத்திரம் முதல்கழுவல், கழிப்பறை என்று வேண்டுமானால் பயன்படுத்தலாம். ஆக, எந்திரம் தேவையில்லாத வீட்டில் அதன் கழிவு நல்ல தண்ணீர். எந்திரம் தேவைப்படுகிற வீட்டில் அதன் கழிவு செடிக்கும் ஆகாது.

அடுத்தது, கொதிக்கவைப்பது. இயற்கையான வழி, செலவில்லாத வழி என்று நம் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெயர் நிற்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை நம்மூர் அறைவெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 72 கிலோகலோரி வேண்டும். அடுப்பில் எரிகிற வாயுவின் வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் பாத்திரத்துக்குள் இறங்கும் என்று கொண்டால், லிட்டருக்குச் சுமார் 11 கிராம் எரிவாயு. நாளைக்கு 10 லிட்டர் என்றால் மாதத்துக்கு 3 கிலோவுக்கு மேல்; ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று சிலிண்டர். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு என்பதால், ஆண்டுக்கு 120 கிலோ. அதே 10 லிட்டருக்கு ஆர்.ஓ. மோட்டார் தின்னும் மின்சாரம் நாளைக்கு ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான். அந்த மின்சாரம் முழுக்க நிலக்கரியில் வந்தாலும் கரியமில வாயு ஆண்டுக்கு 20 கிலோவைத் தாண்டாது. எரிபொருள் விஷயத்தில் நான் திட்டிக்கொண்டிருக்கும் ஆர்.ஓ., பாட்டி காலத்து வெந்நீரைவிடப் பல மடங்கு மேல். இது எனக்கே பிடிக்காத முடிவு, ஆனால் கணக்கு கணக்குதான்.

அதனால் வெந்நீரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கைக்குழந்தைக்கு, காய்ச்சல்காரருக்கு, புதுமழையில் ஆறு செம்மண்ணாக வருகிற ஐப்பசி கார்த்திகைக்கு அதுவே சரி. கலங்கல் தண்ணீரில் குளோரின் முழுமையாக வேலை செய்யாது. அந்த நாட்களில் ஆற்றங்கரை வீடுகளில் குடத்தின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு, மண்டி கீழே தங்கியதும் மேல்தண்ணீரை வடித்துக் கொதிக்கவைப்பார்கள். இன்றைக்கும் நாட்டுமருந்துக் கடையில் அந்தக் கொட்டை கிடைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, மின்சாரமும் குழாயும் சேர்ந்தே போயின. ஆர்.ஓ., யூ.வி. எல்லாம் சுவர் அலங்காரமாக நின்றன. அடுப்பும் சிலிண்டரும் இருந்த வீடுதான் தண்ணீர் குடித்தது. கொதிக்கவைப்பதிலும் ஒரு சிக்கனம் உண்டு: தளதளவென்று பொங்கி வந்ததும் அணைத்துவிடலாம். பத்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது வாய்வழி வந்த நம்பிக்கை. மூடி போட்டுக் காய்ச்சினால் எரிவாயுவும் மிஞ்சும். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினாலோ உப்பு ஒரு துளியும் போகாது. ஆவியான அளவுக்கு இன்னும் கொஞ்சம் கரிக்கும்.

யூ.வி. எந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புற ஊதா விளக்கொளியில் கிருமி சாகிறது, தண்ணீர் வீணாகாது, மின்சாரம் கொஞ்சம்தான். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கலுக்குள் ஒளி புகாது. ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாற்றும் விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைத் தெருக்குப்பையில் போடக்கூடாது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். குழந்தைகளும் வயசாளிகளும் இருக்கிற ஆற்றுத்தண்ணீர் வீட்டில் எந்திரம் வேண்டியே தீரும் என்றால், ஆர்.ஓ.வை விட்டுவிட்டு இதை வாங்கலாம்.

என் ஓட்டு கேண்டில் ஃபில்டருக்கு. எவர்சில்வர் டிரம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று; மேல் டிரம்மில் வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள். இரவு படுக்கப் போகுமுன் மேலே ஊற்றிவிட்டால் விடியும்போது கீழே நிறைந்திருக்கும். மின்சாரம் இல்லை, கழிவுத் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை. வாரம் ஒருமுறை கேண்டிலை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு கூடாது. கீறல் விட்டால், தேய்ந்து மெலிந்தால் உடனே மாற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. குறையும் உண்டு: பாக்டீரியாவைத் தடுக்கிற அளவுக்கு அது வைரஸைத் தடுக்காது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அந்தக் குறை பெரும்பாலும் அடைபடுகிறது. தண்ணீரில் வரும் அந்த மருந்து வாடையைக் கண்டு முகம் சுளிக்கிறோமே, நமக்குக் காவலாக வருவது அதுதான். வாடையே இல்லாத நாளில்தான் சந்தேகப்பட வேண்டும்.

வடிகட்டிய தண்ணீரைக் காருகுறிச்சிப் பானையில் ஊற்றிவைத்தால் ஃபிரிட்ஜில் பாட்டில் அடுக்கத் தேவையில்லை. ஆனால் தம்ளரோடு கையையும் உள்ளே விடுகிற பழக்கம் போக வேண்டும். எத்தனை ஆயிரத்துக்கு எந்திரம் வாங்கினாலும், வடிகட்டிய பிறகு விரல் நனைந்தால் எல்லாம் வீண். குழாய் வைத்த பானை இப்போது கிடைக்கிறது. இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்று போதும்.

கேன் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதுவும் ஆர்.ஓ. தண்ணீர்தான், எந்திரம் உங்கள் சுவரில் இல்லாமல் வேறு ஊரில் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சி, கழிவை அந்த ஊர் ஓடையில் விட்டு, நல்ல தண்ணீரை டீசல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் வீணாவது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால், நாளைக்கு 10 லிட்டர் கணக்கில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தாண்டும். கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுவதால் ஒரு லிட்டர் பாட்டிலைவிட எவ்வளவோ மேல். ஆனால் கீறிக் கீறி மங்கிப்போன கேன் எப்படிக் கழுவப்பட்டது என்று கொண்டுவருகிறவருக்கே தெரியாது. வாடகை அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், வீட்டு விசேஷத்துக்கும் கேன் சரி. சொந்த வீட்டில் நிரந்தரமாக அதை நம்புவது எனக்கு உடன்பாடில்லை.

பாட்டில் தண்ணீரை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மனம் வரவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு, பாட்டில் தப்பித்துக்கொண்டது. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், 2017 மார்ச்சில் அந்த வழக்குகள் தள்ளுபடியானதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஆற்றுக்காகக் கோபப்பட்டவர்களில் சிலர் இன்றும் பஸ் ஏறும்போது பாட்டில் வாங்குகிறார்கள். எவர்சில்வர் பாட்டில் அப்படி ஒன்றும் கனமில்லை.

இனி திசையன்விளை. 1800 டி.டி.எஸ். தண்ணீருக்கு முன்னால் கேண்டில், யூ.வி., அடுப்பு மூன்றும் கையை விரித்துவிடும். உப்பை எடுக்க வீட்டளவில் ஆர்.ஓ.தான் வழி. அங்கே அதை வாங்காதே என்று சொல்வது பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பேசுகிற பேச்சு. ராதாபுரம், உவரிப் பக்கம் தலைமுறையாகக் கரிப்புத் தண்ணீரோடு மல்லாடியவர்களுக்கு அந்த எந்திரம் வரப்பிரசாதம்தான்.

ஆனால் வாங்குமுன் மொட்டைமாடியைப் பார்க்கும்படி தம்பியிடம் சொன்னேன். 1000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் என்று கழித்தாலும், 37,000 லிட்டர் அந்த மாடியில் விழுகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆண்டு முழுவதும் தேவை 3,650 லிட்டர். பத்தில் ஒரு பங்கு. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டதால் அவன் வீட்டிலும் மாடிக் குழாய் இருக்கிறது. நேராக மண்ணுக்குள் போகிறது. அதை நிலத்துக்கு விடுவதில் தவறில்லை, ஆனால் முதலில் ஒரு 3,000 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டு மிச்சத்தை அனுப்பலாமே. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பினால், நாளைக்கு 10 லிட்டர் வீதம் 300 நாள். மழைத்தண்ணீரில் உப்பு கிடையாது; கேண்டில் ஃபில்டரில் வடித்து, குளோரின் இல்லாத தண்ணீர் என்பதால் கொதிக்கவைத்துவிட்டால் போதும். கவனிக்க வேண்டியவை சில உண்டு: பருவத்தின் முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட வேண்டும், தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூட வேண்டும், காக்கை வரும் மாடி என்றால் வலை கட்ட வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டு ஒன்று வரத்தான் செய்யும். அதனால் தம்பிக்கு நான் சொன்னது: தொட்டி முதலில், ஆர்.ஓ. இரண்டாவது. அடுத்த பருவமழைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மட்டும் ஓடுகிற எந்திரத்துக்குச் சிறியதே போதும். ஆண்டு முழுக்க ஓடும் எந்திரத்தைவிட அதில் மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜும் குறையும். அந்தப் பிளாஸ்டிக் உருளைகளைப் பழைய இரும்புக் கடையில்கூட எடுப்பதில்லை. ஓடுகிற மாதங்களில் கழிவுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் கேண்டில் ஃபில்டர் வாங்கிவிட்டாள். அத்தானுக்கு மட்டும் இன்னும் முழுத் திருப்தியில்லை. எதிர்வீட்டில் நீல விளக்கு எரிகிற எந்திரம் இருக்கிறது, நம் வீட்டில் டிரம் இருக்கிறதே என்று. தம்பி தொட்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஐப்பசிக்கு முன் குழாயைத் திருப்பிவிட வேண்டும் என்று கொத்தனாரிடமும் சொல்லிவைத்திருக்கிறான்.